தைக்காமல் விட்ட வயிறு

அந்தப் பதிவு இன்னும் எங்களில் ஒருவனின் போனில் கிடக்கிறது. பதினொரு வரி. முகப்புத்தகத்தில் போடுவதற்காக, ஐசியூவுக்கு வெளியே இருந்த சீமெந்துக் கட்டில் இருந்து மூன்று பேரும் சேர்ந்து எழுதினது. "வயித்தைத் திறந்து போட்டு, தைக்காமல் அப்பிடியே விட்டிட்டினம். கேக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை எண்டால் இப்பிடித்தானா?" என்று தொடங்கும். போடவில்லை. அதற்குக் காரணம் எங்கட நிதானம் இல்லை. இரவு முழுக்க ஆட்களுக்கு மெசேஜ் அடித்தே ஒரு போனில் சார்ஜ் போய்விட்டது, மற்ற இரண்டிலும் டேட்டா முடிந்துவிட்டது. ரீலோட் போடக் கடை திறக்க விடிய வேண்டும். விடிவதற்குள் விஷயம் வேறாகிவிட்டது.

நெடுவல் (அவனுடைய உயரத்துக்கு பச் வைத்த பெயர், இங்கேயும் அதுவே இருக்கட்டும்) ஏ9 வீதியில் மாட்டோடு மோதினான். இரவு ஒன்பதரை இருக்கும். கட்டாக்காலி மாடு, கறுப்பு, வீதி விளக்கு இல்லை. இதெல்லாம் வடக்கில் ஒரு செய்தியே இல்லை. நாங்கள் இரண்டாவது மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தோம். போய்ப் பார்க்கும்போது அவன் எழும்பி வீதிக் கரையில் இருந்தான். முழங்கையில் உரசல், ஹெல்மெட்டில் ஒரு கீறல். "ஒண்டும் இல்லடா, மாட்டுக்கு என்னாச்சு பாருங்கோ" என்றான். மாடு எழும்பிப் போய்விட்டது.

சேட்டைத் தூக்கிப் பார்த்தபோது தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு வட்டம் இருந்தது. ஹாண்டில் நுனி குத்தின அடையாளம். பத்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிசு. தோல்கூடக் கிழியவில்லை. அந்த வட்டத்தை நாங்கள் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். போடிங்குக்குப் போய் சித்தாலேபை பூசுவம் என்று எங்களில் ஒருவன் சொன்னான். அங்கே பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணை ஒருவர்தான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி வெளிறிப் போறான், 1990க்கு அடியுங்கோ" என்றார். அம்புலன்ஸ் வரும்போது நெடுவல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். கை குளிர்ந்து வேர்த்திருந்தது. கதை மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது தெரியும், இளம் உடம்பின் ஏமாற்று வேலை அது. இரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது இதயம் வேகமாக அடித்து, கை கால் தோலுக்குப் போகும் குழாய்களை இறுக்கி, பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். பிடிக்க முடியாத கட்டம் வந்ததும் ஒரேயடியாக விழும். வயிறு என்பது லீற்றர் கணக்கில் இரத்தத்தை வெளியே காட்டாமல் வைத்திருக்கக்கூடிய இடம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஸ்கான் கருவியை வைத்தார்கள். திரையில் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அதைப் பார்த்த டொக்டர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, தியேட்டருக்கு போன் எடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். சீரி ஸ்கானுக்கு ஏன் கொண்டு போகவில்லை என்று அப்போது கேட்டோம். பிரஷர் விழுந்துகொண்டிருக்கிற ஆளை அந்தக் குழாய்க்குள் தள்ளிவிட்டு நிற்க ஏலாது என்பது பிறகு விளங்கினது.

இரத்த வங்கிக்கு ஓடினோம். எங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் ஓ பொசிட்டிவ், அவனும் அதுதான். சினிமாவில் போல பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து எடுத்து அவனுக்கு ஏத்துவார்கள் என்று உண்மையாகவே நினைத்திருந்தோம். அங்கே இருந்த மிஸ் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "நீங்கள் தாறது இண்டைக்கு அவருக்குப் போகாது தம்பியவை. ரெஸ்ட் பண்ண வேணும், பிரிக்க வேணும். அவருக்குப் போறது ஆரோ முதலே தந்தது" என்றார். இலங்கையில் 2014ஆம் ஆண்டிலிருந்து இரத்தம் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்துதான். உறவினரைக் கொண்டுவந்து ஈடு கட்டு என்று கேட்பதில்லை. கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ யாரோ ஒருவர் 450 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டு, மைலோ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். எங்கட பீடத்தில் வருஷா வருஷம் நடக்கும் இரத்ததான முகாமில் நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்று படம் எடுத்திருக்கிறோம். கொடுத்தது ஒருவன்தான். மற்றவனுக்கு அன்றைக்கு ரியூட் இருந்தது, இன்னொருவனுக்கு ஊசிப் பயம்.

விடிய ஒரு மணி போல சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்தார். நெடுவலின்ர அம்மாவும் மாமாவும் அப்போதுதான் முல்லைத்தீவிலிருந்து வான் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். டொக்டர் நின்ற நேரம் ஒரு நிமிஷம்கூட இராது. இரத்தக்கசிவை நிற்பாட்டியிருக்கிறோம், குடலில் ஒரு துண்டு எடுத்திருக்கிறோம், இன்னும் முடியவில்லை, வயிறு திறந்திருக்கிறது, இரண்டு நாளில் திரும்பக் கொண்டு போவோம். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவின் காதில் விழுந்தது இரண்டு சொல்தான்: முடியவில்லை, திறந்திருக்கிறது.

பிறகு ஐசியூக் கண்ணாடியால் நாங்களும் பார்த்தோம். ரியூப்புகள், மெஷின், அவன்ர நீட்டுக் கால் கட்டிலுக்கு வெளியே. நேர்ஸ் ஒருவர் போர்வையை விலக்கி ஏதோ சரிபார்த்த ஒரு கணத்தில், வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொலித்தீன் தெரிந்தது. சேலைன் பையை வெட்டி விரித்தது போல. அதற்குக் கீழே சிவப்பாக ஏதோ. அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நாங்கள் வெளியே வந்து அந்தப் பதினொரு வரியை எழுதினோம்.

காலை ஆறு மணிக்கு, எங்களோடு ஏ/எல் படித்து மருத்துவபீடம் போன மச்சான் ஒருவன் வந்தான். கன்ரீனில் பிளேன்ரீயோடு பதிவைக் காட்டினோம். வாசித்து முடித்துவிட்டு, "இதைப் போட்டிருந்தால் நீங்கள் மூண்டு பேரும் விசரர்" என்றான். பிறகு ஒரு பேப்பர் சேவியற்றை எடுத்துக் கீறத் தொடங்கினான்.

ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். நாடி இதயத்திலிருந்து கொண்டு போகும், நாளம் இதயத்துக்குக் கொண்டு வரும். வயிற்றின் பின்சுவரில், முள்ளந்தண்டுக்கு முன்னால் பெருநாடி இறங்குகிறது, அதற்கு வலப்பக்கம் கீழ்ப்பெருநாளம் ஏறுகிறது. குடல் சும்மா வயிற்றுக்குள் குவிந்து கிடப்பதில்லை. விசிறி மாதிரி ஒரு மடிப்பில் பின்சுவரோடு தொங்குகிறது. குடலுக்குப் போகும் வரும் இரத்தம் எல்லாம் அந்த விசிறிக்குள்ளால்தான். ஹாண்டில் நுனி உள்ளே தள்ளும்போது நடுவில் அகப்பட்டது அது. பின்னால் எலும்பு, முன்னால் இரும்பு. விசிறியின் அடியில் ஒரு கிழிசல், அங்கே ஓடுகிற பெரிய நாளத்தில் ஒரு பக்கக் கீறல்.

நாடி வெட்டுப்பட்டால் பீச்சும், நாளம் என்றால் மெதுவாகத்தானே வரும், பிறகு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டோம். அவன் மேசையில் தண்ணீரை ஊற்றி, சேவியற்றை நனைத்துத் தூக்கிக் காட்டினான். அது கையோடு கிழிந்து வந்தது. பெரிய நாளங்களின் சுவர் மெல்லிசு. பிடித்தால் இன்னும் கிழியும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குளம் கட்டும். கண்டபடி கிளிப்பைப் போட்டால் ஓட்டை இரண்டாகும். முதலில் விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். அமத்தியபடியே மேலேயும் கீழேயும் கட்டுப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி.

எங்களை அதிகம் பிடித்து வைத்திருந்தது அதற்கு முந்தின கட்டம். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே வயிற்றைக் கழுவித் துணி விரித்து, கத்தியோடு ஆள் தயாராக நிற்பாராம். ஏனென்றால் உள்ளே தேங்கி நிற்கும் இரத்தமும் இறுகியிருக்கும் வயிற்றுத் தசையும்தான் அதுவரை ஓட்டையை அமத்தி வைத்திருக்கின்றன. மயக்கினால் தசை தளரும், திறந்தால் அமுக்கம் போகும், பிரஷர் அந்த இடத்திலேயே விழலாம். திறந்ததும் முதல் வேலை ஓட்டையைத் தேடுவது இல்லை. கட்டிக் கட்டியாக இருக்கும் இரத்தத்தை அள்ளி எறிந்துவிட்டு நாலு மூலையிலும் பெரிய துணிகளை அடைவது. அதற்கும் அடங்காவிட்டால் பிரிமென்றகட்டுக்குக் கீழே பெருநாடியைக் கையால் முள்ளந்தண்டோடு வைத்து அழுத்துவது. அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மயக்க மருந்து டொக்டர் இரத்தம் ஏற்றிப் பிரஷரைக் கொஞ்சம் மேலே கொண்டுவரும் வரைக்கும்.

எல்லா இரத்தக் கட்டையும் திறக்கவும் கூடாதாம். பின்சுவரில் நடுவில் இருந்தால் உள்ளே பெருங்குழாய் இருக்கிறது, திறந்து பார்த்தே ஆக வேண்டும். இப்படி மோதி அடிபட்டவர்களில் இடுப்பெலும்புக்குள் கட்டியிருந்தாலோ, சிறுநீரகத்தைச் சுற்றிக் கட்டி பெருக்காமல் இருந்தாலோ தொடாமல் விடுவதுதான் வழமை. அது தன்னைத் தானே அமத்திக்கொண்டிருக்கிறது, திறந்தால் அடக்க ஏலாமல் போகலாம். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. கண்டதை எல்லாம் கிண்டுவதுதான் எங்கட பாடமே.

"சரி, ஓட்டையைத் தைச்சாச்சு. வயித்தையும் தைச்சு விடுறதுக்கு என்ன?"

அவன் மூன்று சொல் எழுதினான்: குளிர், அமிலம், உறையாமை. வயிறு திறந்து கிடந்தால் உடம்புச் சூடு போகும். ஏற்றுகிற இரத்தமும் குளிரூட்டியில் இருந்து வருவது. சூடு குறைந்தால் இரத்தம் ஒழுங்காக உறையாது. இரத்தம் போகாத தசைகளில் அமிலம் கூடும், அதுவும் உறைவதைக் கெடுக்கும். உறையாவிட்டால் இன்னும் இரத்தம் போகும், இன்னும் குளிரும். கிணற்றில் விழுந்த மூன்று பேர் ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுப்பது போல. அந்த நேரத்தில் அழகாக எல்லாவற்றையும் இணைத்துத் தைத்து முடிக்க நாலைந்து மணித்தியாலம் நின்றால், தையல் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதனால் பாதியில் நிற்பாட்டுவார்கள். இரத்தத்தை அடக்கு, செத்த குடலை வெட்டி நுனியைக் கட்டு, இணைக்காதே, துணிகளை உள்ளேயே விடு, ஒரு பொலித்தீனால் மூடு, ஐசியூவுக்குக் கொண்டு போய்ச் சூடாக்கு. இரத்தம் உறையத் தொடங்கினதும் திரும்பப் போ. தைத்து இறுக்கினால் வீங்குகிற குடல் உள்ளேயே நெரிந்து சிறுநீரகத்தையும் மூச்சையும் அடைத்துவிடும் என்பது வேறு.

அந்தப் பையின் பெயர் பொகோட்டாப் பை. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1980களில் வழக்கத்துக்கு வந்தது. கையில் இருந்த மலிவான, கிருமி நீக்கிய சேலைன் பைதான். எங்களைப் போன்ற ஒரு நாட்டின் கண்டுபிடிப்பு என்று கேட்டதும் ஏனோ ஒரு சந்தோசம்.

பாதியில் நிற்பாட்டும் இந்த முறைக்கு இன்றைக்கு வழங்குகிற பெயரைச் சூட்டியது 1993இல் பிலடெல்பியா டொக்டர்கள் எழுதின ஒரு கட்டுரை. கடற்படையிலிருந்து எடுத்த சொல், "சேதக் கட்டுப்பாடு". கப்பலில் ஓட்டை விழுந்தால் நடுக்கடலில் பெயின்ற் அடிக்கமாட்டார்கள், துறைமுகம் வரை மிதக்க வைப்பார்கள். அந்தக் கட்டுரையைப் பிறகு தேடி வாசித்தோம், பாதி விளங்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் விளங்கினது. வயிற்றின் பெரிய இரத்தக்குழாயும் அதோடு இரண்டோ அதற்கு மேலோ உறுப்புகளும் காயப்பட்டவர்களில், ஒரே தடவையில் முடிக்கப் பார்த்த 9 பேரில் 1 ஆள் பிழைத்திருக்கிறார். பாதியில் நிற்பாட்டின 13 பேரில் 10 பேர். மொத்தம் 22 பேர்தான், பெரிய கணக்கு இல்லை. அவர்கள் எல்லாம் சூடும் கத்திக் குத்தும் பட்டவர்கள், நெடுவல் போல மாட்டோடு மோதினவர்கள் இல்லை. இருந்தும் அந்த 1ஐயும் 10ஐயும் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு நாளும் வாசிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை. இரத்தக்குழாயைத் தைக்கலாம் என்பதே அவ்வளவு பழைய விஷயம் இல்லை என்று தெரிந்தது. 1894 யூன் 24 இரவு, பிரான்சின் லியோன் நகரில், ஜனாதிபதி சாடி கார்னோ வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது இத்தாலிய அராஜகவாதி ஒருவன் வயிற்றில் கத்தியால் குத்தினான். கத்தி ஈரலுக்குள்ளால் போய் வாயில் நாளத்தை வெட்டிவிட்டது. நாட்டின் ஜனாதிபதி, நகரத்தின் பெரிய டொக்டர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள், ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நள்ளிரவு தாண்டி இறந்துபோனார். அதே நகரத்தில் அலெக்சிஸ் கரல் என்றொரு மருத்துவ மாணவன் இருந்தான். 21 வயது நிறைய இன்னும் நாலு நாள். எங்கட வயசு. நாளத்தைத் தைக்கத் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று அவன் பிடித்த பிடியை விடவில்லை. லியோன் பட்டுக்கும் பூத்தையலுக்கும் பேர்போன ஊர். பூத்தையல் செய்யும் ஒரு பெண்ணிடம் போய் மெல்லிய ஊசியும் நூலும் பிடிக்கப் பழகினான். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும், வளைவைத் தைப்பதைவிட நேர்க்கோட்டைத் தைப்பது லேசு. 1902இல் அதை எழுதினார், 1912இல் நோபல் பரிசு.

வாசித்துக்கொண்டு போனால் அதே மனிதர் 1935இல் எழுதின புத்தகத்தில், சில வகையான ஆட்களை வாயு அடித்துக் கொல்லலாம் என்கிற அளவுக்கு இனமேம்பாட்டுக் கதை கதைக்கிறார். ஊசி கற்றுக் கொடுத்த அந்தப் பெண்ணுக்குப் பரிசும் இல்லை, எங்கட பாடப்புத்தகத்தில் பெயரும் இல்லை. இதை மச்சானுக்குச் சொன்னபோது, "உங்களுக்கு இதுதானே வேலை" என்றான்.

மாமா இந்த இரண்டு நாளும் அதிகம் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் சேட்டை உயர்த்தித் தன் வயிற்றைக் காட்டினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரு தழும்பு. நடுவில் தசை விலகி, இருமும்போது பிதுங்கும். 2009இல் ஷெல் துண்டு. "எனக்கும் திறந்துதான் பார்த்தவை. ஆர் இரத்தம் தந்தது, தந்தவையோ இல்லையோ, ஒண்டும் தெரியாது. கண் முழிச்சு பார்க்க மரத்துக்குக் கீழ கிடந்தனான்." அக்காவுக்காகத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறோம். அந்த மாதங்களில் வன்னியின் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் இரத்தம் இல்லாமல், காயக்காரரின் சொந்த இரத்தத்தையே ஏந்தித் துணியால் வடித்துத் திரும்ப ஏற்றினதாக ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் இருக்கிறது. நாங்கள் அதை அரசியலாக வாசித்திருந்தோம். நெடுவலுக்கு அன்றிரவு 14 பை செங்குழியமும் அதற்கேற்ற பிளாஸ்மாவும் போயிருந்தன, எல்லாம் சூடாக்கும் கருவிக்குள்ளால். மாமாவின் தழும்பைப் பார்த்துக்கொண்டு இதை யோசிக்கும்போது தொண்டை அடைத்தது.

இரண்டாம் தடவை தியேட்டருக்குக் கொண்டுபோய்த் துணிகளை எடுத்தார்கள். தைத்த நாளம் தாக்குப் பிடித்திருந்தது. குடலில் இன்னொரு சாண் கறுத்துப் போயிருந்ததாம், அதையும் வெட்டி எடுத்துவிட்டு இணைத்தார்கள். திறந்து வைத்திருக்காவிட்டால் அந்தக் கறுத்த சாண் உள்ளேயே இருந்து அழுகியிருக்கும் என்று மச்சான் சொன்னான். ஐந்தாம் நாள் வயிற்றை மூடினார்கள்.

எங்கட பதிவு முழுப் பிழை. ஆனாலும் எங்களுக்குள் ஒரு தர்க்கம் இன்னும் முடியவில்லை. பிழையாக விளங்கினது எங்கட குற்றம் மட்டும்தானா? ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனவர் உள்ளே இன்னொரு ஆளுக்குக் கை வைக்கத்தான் போனார், அது தெரியும். ஆனால் "முடியவில்லை" என்பதற்குப் பதிலாக "வேணுமெண்டுதான் பாதியில நிப்பாட்டினது" என்று சொல்ல எத்தனை செக்கன் கூடப் போகும்? அந்த ஒரு வசனம் இருந்திருந்தால் அந்த அம்மா இரண்டு நாள் அந்தச் சுவரோரம் அப்படி இருந்திருக்கமாட்டா. எங்களில் ஒருவன் இது அநியாயமான எதிர்பார்ப்பு என்கிறான். மற்ற இருவரும் இல்லை என்கிறோம்.

நெடுவல் ஒரு செமஸ்டரை விட்டுவிட்டான். பத்துக் கிலோ குறைந்து, இன்னும் நெடுவலாகத் தெரிகிறான். போன கிழமை போடிங்குக்கு வந்தபோது அந்தப் பதிவைக் காட்டச் சொல்லி நச்சரித்தான். காட்டினோம். மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தான். மூன்றாம் வரியில் "இரக்கமற்ற" என்பதற்கு நாங்கள் சின்ன ர போட்டிருந்தோமாம். ஐந்தாம் வரியில் அவனை "பெற்றோருக்கு அடக்கமான ஒரே பிள்ளை" என்று எழுதியிருந்தோம். அந்த இடத்துக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கி, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "டேய் சிரிக்க வைக்காதேங்கோடா, நோகுது" என்றான்.